பின்பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

வாசகி எழுதுகிறார்:

"வணக்கம் சார். நாங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறோம். போன மாதம் ஒரு எஸ்டேட் சேலில், அதாவது ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்ற இடத்தில், மூன்று பழைய நிழலுருவங்கள் வாங்கினேன். ஒன்று, ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். வெள்ளைத் தாளில் முகத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள், பின்னாலிருந்து கறுப்பு தெரிகிறது. மார்புக்குக் கீழே 'மியூசியம்' என்ற எழுத்து அழுந்தியிருக்கிறது. மற்ற இரண்டும் கணவன் மனைவி போல ஒரு ஜோடி. தலை வெட்டியது, உடம்பு வண்ணத்தில் வரைந்தது. அந்தப் பெண்ணின் சட்டைக் கை பலூன் மாதிரி உப்பியிருக்கிறது. மூன்றும் சேர்த்து 240 டாலர் ஆனது. இவை அசல்தானா? தாளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, பின்பலகையும் கறுத்துப் போயிருக்கிறது. வரும் சனிக்கிழமை ஃப்ரேம் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் புதிதாக மாற்றப் போகிறேன். இதற்கிடையில் ஒரு டீலர், ஜார்ஜ் வாஷிங்டனின் நிழலுருவம் 900 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? மாதம் 150 டாலர் ஒதுக்கித் தொடர்ந்து சேர்க்க ஆசை. என் கணவரோ, 'யார் வீட்டுத் தாத்தா பாட்டியையோ நம் வீட்டுச் சுவரில் எதற்கு மாட்ட வேண்டும்?' என்று கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சனிக்கிழமை ஃப்ரேம் கடைக்குப் போவதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் பழைய தாள்களைப் பழுது பார்க்கும் வேலை செய்பவன். கடிதம், வரைபடம், பத்திரம், இதுபோன்ற வெட்டு முகங்கள் என்று எது வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். இந்தப் பழக்கம் பட்டுத் தெரிந்துகொண்டது. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கென்று வாங்கிய முதல் நிழலுருவத்தை நானும் உங்களைப் போலவே ஒரு ஃப்ரேம் கடையில் கொடுத்தேன். பலகையில் பென்சிலால் ஒரு பெண்ணின் பெயரும், ஊரும், 'அத்தை' என்ற சொல்லும் எழுதியிருந்தன. போட்டோ எடுத்து வைக்கத் தோன்றவில்லை. திரும்பி வாங்கும்போது பளபளவென்று புது அட்டை. பழைய பலகை எங்கே என்று கேட்டால், "அது பூசணம் பிடித்திருந்தது சார், எறிந்துவிட்டோம்" என்றார்கள். அந்த முகம் இன்னும் என் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகூட இப்போது நிச்சயமில்லை.

வேறு ஓவியம் என்றால் கண், உதடு, நிறம், கையெழுத்து என்று பற்றிக்கொள்ள ஏதாவது இருக்கும். நிழலுருவத்தில் ஒரு கோடுதான் உண்டு. அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது, அதனுடன் ஒட்டிக்கொண்டு வந்த பலகையிலும், பின்னால் ஒட்டிய செய்தித்தாள் துண்டிலும், பென்சில் கிறுக்கலிலும் இருக்கும். அது போனால் முகம் அநாதையாகிவிடும்.

கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஊரில் உள்ள வரலாற்றுச் சங்கத்தில் ஒரு நிழலுருவம் இருக்கிறது. ஃப்ளோரா என்ற 19 வயது அடிமைப் பெண்ணுடையது. அதன் கூடவே 1796-இல் அவளை 25 பவுண்டுக்கு விற்ற கிரயச் சீட்டும் இருக்கிறது. 2018-இல் வாஷிங்டன் நகரத்து தேசிய உருவப்பட மாளிகையில் நிழலுருவங்களுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தபோது அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். அந்தச் சீட்டு தனியாகப் போயிருந்தால் அது பெயரில்லாத ஒரு பெண்ணின் நிழல், அவ்வளவுதான். தாளும் தாளும் சேர்ந்தே கிடந்ததால்தான் இன்று அவள் பெயரைச் சொல்கிறோம்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: மூன்று ஃப்ரேமையும் சுத்தமான துண்டின் மேல் முகம் கீழாக வைத்து, பகல் வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். முழுதாக ஒன்று, மூலை மூலையாக நான்கு. எழுத்து எதுவும் தெரியவில்லை என்றாலும் எடுங்கள். மங்கிப்போன பென்சில் எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பள்ளமாகத் தெரிவதுண்டு.

இனி அந்த 'மியூசியம்' பெண்மணி.

பென்சில்வேனியாவில் கிடைத்தது என்பதால் ஆச்சரியமில்லை. அந்த முத்திரை, ஃபிலடெல்ஃபியாவில் ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீல் நடத்திய அருங்காட்சியகத்தைக் குறிக்கிறது. பாடம் செய்த பறவைகள், விலங்குகள், மாஸ்டடான் எலும்புக்கூடு, நாட்டின் பெரிய மனிதர்களின் ஓவியங்கள் எல்லாம் அங்கே இருந்தன. 1802-இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த ஃபிசியோனோட்ரேஸ் என்ற கருவியை பீல் அங்கே நிறுவினார். அதன் பக்கத்தில் அசையாமல் உட்கார வேண்டும். ஒரு பித்தளை முனை நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று முகத்தை ஒட்டியே நகரும். அதோடு இணைந்த கம்பிகள் அதே கோட்டைச் சின்னதாக்கித் தாளின் மேல் பதிக்கும். பதிவது மையில்லாத வெறும் கீறல். தாளை நாலாக மடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கீறலின் வழியே வெட்டினால் ஒரே தடவையில் நாலு முகங்கள் கிடைக்கும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று அக்காவுக்கு, ஒன்று தூரத்தில் இருக்கும் மகனுக்கு என்று அனுப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு செட் எடுத்து வருகிறோமே, அதேதான்.

இதைத்தான் சேகரிப்பவர்கள் ஹாலோ கட் என்பார்கள். நாம் உள்வெட்டு என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த வெள்ளைத் தாளைத்தான் வைத்துக்கொள்கிறோம். பின்னால் கறுப்புத் தாளோ பட்டுத் துணியோ வைத்ததும் ஓட்டை முகமாகிவிடும். கறுப்புத் தாளில் முகத்தை வெட்டி வெள்ளை அட்டையில் ஒட்டுவது இன்னொரு வகை. அமெரிக்காவில் அதிகம் கிடைப்பது உள்வெட்டுதான். வெட்டி எடுத்த நடுப்பகுதிகளை பீல் குடும்பத்தார் வேடிக்கையாக 'மரமண்டைகள்' என்ற பொருள்படும் பெயரில் அழைத்தார்களாம்.

சரி, வெட்டியது யார்? அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. மோசஸ் வில்லியம்ஸ். பீல் வீட்டில் அடிமைகளாக இருந்த தம்பதியின் மகன். பீலின் பிள்ளைகள் தூரிகை பிடிக்கக் கற்றபோது இவருக்குக் கிடைத்தது கத்தரி வேலை. அன்றைய பென்சில்வேனியச் சட்டப்படி 28 வயதுவரை கட்டுண்டு இருக்க வேண்டியவரை, ஒரு வருடம் முன்னதாக 1802-இல் பீல் விடுவித்தார். கருவியைப் பார்த்துக்கொண்டு வெட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கும் வேலையும் அவருக்கே வந்தது. கூலி 8 சென்ட். 1803-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட முகங்களை வெட்டினார். அந்தச் சம்பாத்தியத்தில் இரண்டு மாடிச் செங்கல் வீடு வாங்கினார். முன்பு அவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட மறுத்த பீல் வீட்டு வெள்ளைக்காரச் சமையல்காரப் பெண்ணையே கல்யாணமும் செய்துகொண்டார். 'மோசஸ் வில்லியம்ஸ், முகம் வெட்டுபவர்' என்று எழுதிய அவருடைய நிழலுருவம் ஒன்று ஃபிலடெல்ஃபியா நூலக நிறுவனத்தில் இருக்கிறது. பீலின் மகன் ரஃபேல் வெட்டியது என்று பல காலம் சொல்லிவந்தார்கள். மோசஸ் தானே வெட்டிக்கொண்டதாக இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது அசல் என்றால், மோசஸ் வில்லியம்ஸின் கத்தரி பட்ட தாளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 'இருக்க வாய்ப்பு' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரஃபேலும் இதே மாதிரிக் கருவியை எடுத்துக்கொண்டு 1803-இலிருந்து தென் மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் வெட்டியவர்.

அசலா என்று பார்க்க முத்திரையை நம்பாதீர்கள். இந்தத் துறையில் அதிகம் போலி செய்யப்பட்ட பொருள் முகமல்ல, முத்திரை. பெயர் தெரியாத, ஆனால் நிஜமாகவே பழைய ஓர் உள்வெட்டை எடுத்து, புதிதாகச் செய்த அச்சை அழுத்தி விலையைக் கூட்டிவிடுவார்கள். அதனால் வேறு நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளுக்குக் கிட்டத்தட்ட படுக்கை வசமாகப் பிடியுங்கள். வெட்டின ஓரத்தை ஒட்டி, குறிப்பாகப் பின்னந்தலை, முகவாய் பக்கங்களில், ஊசியால் கீறியது போல ஒரு மெல்லிய பள்ளம் ஓடுகிறதா பாருங்கள். கருவி போட்ட கோடு அது. கை அந்தக் கோட்டை அப்படியே பின்பற்றாமல் ஒரு மயிரிழை விலகின இடங்களில் அது தாளிலேயே தங்கிவிடும். எல்லாவற்றிலும் தெரியாது. தெரிந்தால் மனம் குளிர்ந்துவிடும். அதே வெளிச்சத்தில் முத்திரையையும் பாருங்கள். 200 வருடம் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த எழுத்து கொஞ்சம் படிந்து, பள்ளத்திலும் மேட்டிலும் அழுக்கு ஒரே சீராக ஏறியிருக்கும். நேற்று அழுத்தியது கூராக நிற்கும், எழுத்து ஓரத்தில் தாள் நார் வெள்ளையாகப் பிய்ந்திருக்கும்.

இரண்டாவது, இப்போது ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த தாள்களில் பெரும்பாலும் வெளுப்பூட்டி சேர்ப்பார்கள். அந்த ஒளியில் சலவை செய்த வேட்டி போல நீலமாக ஜொலிக்கும். பழைய கந்தல் துணிக்கூழ்த் தாள் ஜொலிக்காது. ஜொலித்தால் கதை அங்கேயே முடிந்தது. ஜொலிக்காவிட்டால் பழசு என்று உறுதியாகிவிடாது, தேர்வில் ஒரு பேப்பர் பாஸ், அவ்வளவுதான். பழைய புத்தகங்களின் முன்னும் பின்னும் இருக்கும் வெற்றுத் தாளைக் கிழித்து அதில் வெட்டுகிற ஆட்களும் உண்டு.

மூன்றாவது, தாளின் நிறம். நிஜமான பழுப்பு ஒரு காரணத்தோடு வரும். ஃப்ரேமின் விளிம்பு மறைத்த இடம் வெளுப்பாக, வெளிச்சம் பட்ட இடம் நிறம் மாறி, பின்பலகையின் மரக்கணு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை என்று இருக்கும். டீத்தண்ணீரில் முக்கி எடுத்தது மூலைக்கு மூலை ஒரே நிறமாக இருக்கும். உங்கள் கறுத்த பின்பலகை இங்கேயும் உதவும் பாருங்கள். பலகையின் கணுவும் தாளின் கறையும் ஒன்றோடொன்று பொருந்தினால், இரண்டும் பல காலம் ஒன்றாகவே வாழ்ந்தவை. ஃப்ரேம் கடைக்காரர் எறியப்போவது அந்தச் சாட்சியைத்தான்.

நான்காவது, வெட்டு ஓரம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து இமை முடி, உதட்டுப் பிளவு, கழுத்துச் சுருக்குத் துணி ஆகிய இடங்களைப் பாருங்கள். பழகின கை கத்தரியை அசைக்காமல் தாளைத்தான் திருப்பும். அதனால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். பார்த்துப் போலி செய்பவர் தயங்கித் தயங்கி வெட்டியிருப்பார், சின்னச் சின்ன முனைகளாகத் தெரியும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, இருபது அசல் பார்த்தால் கண்ணே சொல்லும். பார்ப்பதற்குக் காசு வேண்டாம், உங்கள் மாநிலத்திலேயே நல்ல தொகுப்புகள் இருக்கின்றன.

முகத்தின் பின்னால் இருக்கும் கறுப்பு புதிதாக இருந்தால் உடனே மனம் தளராதீர்கள். பழைய கறுப்பு நைந்துபோய் யாரோ மாற்றியிருக்கலாம். பள்ளிக்கூடக் கைவேலைக்கு வாங்கும் கறுப்புத் தாள் மாதிரி இருந்தால் மட்டும் அதைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், அதிலுள்ள அமிலம் முன்தாளுக்கு ஏறும். எடுத்ததைத் தூர எறியாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வாஷிங்டன் வேண்டாம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை, ஆனாலும் காரணம் சொல்கிறேன். அவர் இறந்தது 1799 டிசம்பரில். பீலின் கருவி வந்தது 1802-இல். அந்த முத்திரையோடு ஒரு வாஷிங்டன் வந்தால், மிஞ்சிப்போனால் சிலையையோ வேறு படத்தையோ பார்த்து எடுத்ததாக இருக்கும். பிற்காலத்தில் அவர் முகத்தை வெட்டாத கத்தரி இல்லை. 1932-இல் அவருடைய 200-ஆவது பிறந்த ஆண்டை நாடே கொண்டாடியபோது நினைவுப் பொருள்கள் குவிந்தன. பழைய ஃப்ரேமில் அதையெல்லாம் செருகிவைத்தால் பார்க்க அசல் மாதிரியே இருக்கும். பிரபலமான முகம், பெயர் அழகாகத் தெளிவாக எழுதியிருக்கிறது, ஃப்ரேம் மட்டும் மிகப் பழசு: இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் பர்சை உள்ளே வைத்துவிடுங்கள். டீலர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவரும் யாரிடமோ நம்பி வாங்கியிருக்கலாம். அந்த 900 டாலரில் உங்கள் கணக்குப்படி ஆறு மாதத்துச் சேகரிப்பு அடங்கியிருக்கிறது.

ஜோடிப் படங்கள், நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மூன்றிலும் நல்லவை அவைதான் என்று தோன்றுகிறது. பலூன் கை 1830 ஒட்டிய நாகரிகம். நியூ இங்கிலாந்துப் பக்கம் அந்தக் காலத்தில் தலையை மட்டும் வெட்டி, உடம்பை வாட்டர்கலரில் தீட்டிக் கொடுக்கும் ஊர்சுற்றி ஓவியர்கள் இருந்தார்கள். பலர் பெயரே தெரியாது. ஒருவரை சேகரிப்பாளர்கள் 'பஃபி ஸ்லீவ் ஆர்ட்டிஸ்ட்' என்றே கூப்பிடுகிறார்கள், அதாவது உப்பின கை ஓவியர். இன்னொருவர் வரைந்த ஆட்களின் கையில் சிவப்புப் புத்தகம் இருக்கும், அவர் 'ரெட் புக் ஆர்ட்டிஸ்ட்'. நம் ஊரில் சுருட்டுக்காரர், பெரிய வீட்டுக்காரர் என்று அடையாளத்தையே பெயராக்கி அழைப்பதுபோலத்தான். உங்களுடையது அந்த உப்பின கை ஓவியரின் கைதானா என்பதைப் படம் பார்க்காமல் சொல்லக் கூடாது. இவற்றுக்கும் போலி உண்டு, விலை அதிகம் என்பதால் நிறையவே உண்டு. ஒன்று மட்டும்: ஜோடியைப் பிரிக்காதீர்கள், ஒன்றை மட்டும் கேட்டு யாராவது வந்தாலும்.

பழுப்புப் புள்ளிகளுக்கு வருகிறேன். ஃபாக்ஸிங் என்பார்கள். ஈரமும் பூசணமும் தாளிலுள்ள இரும்புத் துகளும் சேர்ந்து செய்கிற வேலை. பெராக்சைடு தடவினால் போய்விடும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். தயவுசெய்து வேண்டாம். புள்ளி போகும், கூடவே ஓரத்தில் மையால் வரைந்த கூந்தல் இழைகளும் போகும். அந்த மெல்லிய மயிரிழைகள்தான் உள்வெட்டின் உயிர். முகத்தில் விழாத புள்ளி என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வயதானவர் கையில் புள்ளி இல்லையா என்ன?

திறந்து பார்க்க விரும்பினால் ஆணிகளைச் சின்னக் குறடால் நேராக இழுத்து எடுங்கள், நெம்பாதீர்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, தாள் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். துணிக் கையுறை வேண்டாம், அதன் நூலில் தாள் மாட்டும். கழுவி உலர்த்திய வெறும் கையே நல்லது. முடிந்தபின் மறுபடியும் கை கழுவுங்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த வில்லியம் பேச் என்ற நிழலுரு வெட்டுபவர், ஊர் ஊராக, கியூபா வரைக்கும் போய் வெட்டியவற்றுக்கு ஒவ்வொரு நகல் ஒட்டி வைத்த ஆல்பம் ஒன்று தேசிய உருவப்பட மாளிகையில் இருக்கிறது. 1,800-க்கும் மேற்பட்ட முகங்கள். சோதித்துப் பார்த்தால் அதன் தாள்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருந்தது. அந்தக் காலத்துத் தாளில் என்ன கலந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது.

மறுபடி ஃப்ரேம் போடும்போது பழைய ஃப்ரேமையே பயன்படுத்தலாம். தாளுக்குப் பின்னால் அமிலமற்ற அட்டை, முன்னால் கண்ணாடியைத் தொடாதபடி அமிலமற்ற மவுண்ட், அதாவது நடுவில் வெட்டிய அட்டைச் சட்டம். பழைய பலகையை வெளிப்பக்கமாக, நடுவில் தடுப்பு வைத்து, அதே ஃப்ரேமில் பூட்டிவிடலாம். எழுத்து இருக்கும் பலகை என்றால் தனி உறையில் வைத்து ஃப்ரேமுக்கும் உறைக்கும் ஒரே எண் கொடுங்கள். புற ஊதா தடுக்கும் கண்ணாடி போடுங்கள். அக்ரிலிக் போடச் சொல்வார்கள். ஜோடிப் படத்தில் ஒட்டின தாள் எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால் அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் அதை இழுத்துவிடும், கண்ணாடியே மேல். செலோடேப் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. வெயில் விழும் சுவர், குளியலறைச் சுவர், தாளிக்கிற புகை வரும் சுவர் மூன்றும் கூடாது. வாட்டர்கலர் ஜோடியை ஆறு மாதம் மாட்டி, ஆறு மாதம் பெட்டியில் வையுங்கள்.

இனி மாதம் 150 டாலர் விஷயம். அது போதும். பெயர் தெரியாத சாதாரண உள்வெட்டு முகங்கள் இன்றும் சில நூறு டாலருக்குள் கிடைக்கின்றன. இரண்டு மாதம் பொறுத்து ஒன்று வாங்கினாலும் வருடத்துக்கு ஆறு. ஆனால் வெட்டியவர் பெயரைத் துரத்தாதீர்கள். தொடங்குகிறவர்கள் எல்லோரும் அகுஸ்த் எடுவார் வெட்டியது ஒன்று வேண்டும் என்பார்கள். அவர் பிரெஞ்சுக்காரர், கருவி எதுவும் இல்லாமல் கத்தரியாலேயே ஆளை முழு உருவமாக வெட்டுபவர். 1839-இல் அமெரிக்கா வந்து பத்து வருடம் பாஸ்டன், நியூயார்க், சரடோகா, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றினார். தாளை இரண்டாக மடித்து வெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தன் ஆல்பத்தில் ஒட்டி, பெயர், ஊர், தேதி எழுதிவைப்பார். 1849 டிசம்பரில் ஊர் திரும்பும்போது கப்பல் குர்ன்ஸி தீவருகே உடைந்தது. ஆல்பங்களில் பெரும்பகுதி கடலோடு போயிற்று. மிஞ்சியவற்றைத் தனக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார், அதன்பின் பெரிதாக வெட்டவில்லை என்பார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் அவை அங்கேயே கிடந்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியே வந்தன. நகலில் பெயர் எழுதும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லாதிருந்தால் அந்தக் கறுப்பு உருவங்களில் பலரை இன்று யாரென்றே சொல்ல முடியாது. எடுவார் அமெரிக்காவில் வெட்டிய, ஆள் பெயர் தெரிந்த உருவம் உங்கள் மாதக் கணக்குக்குள் வராது. தங்க வண்ணத்தில் தலைமுடி தீட்டிய ஒன்றை எடுவார் வெட்டியது என்று யாராவது காட்டினால் நிதானியுங்கள். நிழலுக்கு நிறம் பூசுவது அவருக்குப் பிடிக்காது, 1835-இல் வெளியிட்ட தன் நூலிலேயே அதைக் கடிந்து எழுதியவர்.

அதேபோல வில்லியம் ஹென்றி பிரௌன் வெட்டிய தலைவர்கள் உருவம் என்று வருவதில் பாதி, 1845-இல் வந்த அவருடைய தொகுப்பிலிருந்து கழற்றிய கல்லச்சுப் படம், அல்லது 1931 மறுபதிப்பு. லென்ஸை ஓரத்தில் வைத்தால் தெரிந்துவிடும்: ஒட்டின தாளுக்குத் தடிமனும் ஒரு மெல்லிய நிழலும் இருக்கும், அச்சுக்கு இருக்காது. அச்சை அச்சு விலைக்கு வாங்கினால் தப்பில்லை.

என்னைக் கேட்டால் உங்கள் மாநிலத்து முகங்களோடு நில்லுங்கள். ஃபிலடெல்ஃபியாவைச் சுற்றி நாற்பது ஐம்பது மைல். பலகையில் பெயர் இருக்கிறதா என்பதற்கு முதலிடம், அழகுக்கு இரண்டாமிடம். விரிசல் விட்ட, புள்ளி விழுந்த, ஆனால் பின்னால் பெயரும் ஊரும் எழுதிய ஒரு முகத்தை, பளிச்சென்று இருக்கும் ஊமை முகத்தைவிட முன்னால் எடுங்கள். பெயர் கிடைத்தால் பழைய மக்கள்தொகைப் பதிவு, தேவாலயப் பதிவு, கல்லறைக் கல் என்று தேடிக்கொண்டே போகலாம். ஒரு முகத்துக்கு ஒரு குளிர்காலம் போய்விடும். உங்கள் 150 டாலரில் பாதி மிச்சம்.

அடுத்து, உங்கள் கணவர். அவர் கேட்பது நியாயமான கேள்விதான், நம் வீடுகளில் சுவர் என்பது சொந்த முன்னோருக்கும் சாமிக்கும் உரியது. அவரிடம் வெர்மாண்டின் மிடில்பரி ஊரில் ஹென்றி ஷெல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறு தாளைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்று இரண்டு தையல்காரப் பெண்கள். பக்கத்து வேப்ரிட்ஜில் நாற்பது ஆண்டுக்கும் மேல் ஒன்றாகவே வாழ்ந்து, ஒரே கல்லின் கீழ் அடக்கமானவர்கள். இருவர் முகமும் எதிரெதிராகப் பார்த்தபடி வெட்டப்பட்டு, சுற்றிலும் பின்னிய தலைமயிர், இதய வடிவில். அவர்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை, 'நம் தாத்தா பாட்டி' என்று சொல்லிக்கொள்ள நேரடி வாரிசு யாரும் இல்லை. யாரோ ஒருவர் எடுத்து வைத்ததால் இருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு அப்போதும் சமாதானம் ஆகவில்லை என்றால் ஹாலை விட்டுவிட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டுங்கள். வெயிலும் படாது, சண்டையும் வராது.

பின்பக்கப் படங்கள் எடுத்ததும் அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள், முத்திரையின் நீளம் எனக்கு மில்லிமீட்டரில் வேண்டும். ஜோடியின் பின்பலகையில் செய்தித்தாள் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்காமல், படிக்கத் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம் தனியாக எடுங்கள்.